எட்டாவதோடு முடிந்துவிடும் உரிமை: ஆர்டிஇ சட்டத்தையும் 2030 கல்வி இலக்கையும் எப்படி ஒன்று சேர்ப்பது?

கும்பார்வாடா_வாசி:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆர்டிஇ என்கிற நம் நாட்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைக்கு 6 வயதில் தொடங்கி 14 வயதில் முடிகிறது, அதாவது ஒன்றாவது முதல் எட்டாவது வரை. 2015 செப்டம்பரில் இந்தியாவும் சேர்ந்து 193 நாடுகள் ஐ.நா.வில் ஏற்றுக்கொண்ட நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவது, 2030க்குள் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிப் படிப்பு முழுவதையும் இலவசமாக, தரமாகப் படித்து முடிக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டு மே மாதம் கொரியாவின் இஞ்சியோனில் போட்ட பிரகடனம் இன்னும் தெளிவு. அரசுச் செலவில் 12 வருடப் படிப்பு, அதில் 9 வருடமாவது கட்டாயம், அதற்கு முன்னால் ஒரு வருடமாவது மழலையர் கல்வி. நம் சட்டம் 8 வருடத்தில் நிற்கிறது.

இந்த வித்தியாசம் டெல்லியில் யாரோ பேசித் தீர்த்துக்கொள்ளும் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்காக மும்பையில் எங்கள் சந்தில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம், காலையில் இட்லி வியாபாரம். அவர் மகளுக்கு, தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டிய 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் இடம் கிடைத்து எட்டாவது வரை நன்றாகப் படித்தாள். எட்டாவது பரீட்சை முடிந்ததும் பள்ளியில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒன்பதாவதுக்கு இவ்வளவு பீஸ், மூன்று தவணை, முதல் தவணை கட்டினால்தான் பெயர் பட்டியலில் இருக்கும், கீழே முத்திரை. அந்தப் பெண் தாளை வீட்டில் காட்டாமல் பூகோளப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துவிட்டாள். அம்மா பழைய புத்தகங்களைக் கட்டும்போதுதான் கண்ணில் பட்டது, அதற்குள் தேதி தாண்டிவிட்டது. இப்போது அவள் மாடியில் இருக்கும் தோல் பை பட்டறையில் ஜிப் வைத்துத் தைக்கிறாள். வயது 14 முடிந்துவிட்டது, ஆகவே யாரையும் கேள்வி கேட்கச் சட்டத்தில் வழி இல்லை.

என் நிலைப்பாடு இதுதான்: சட்டம் 3 வயது முதல் 18 வரை போக வேண்டும். இலக்கு என்று எழுதிவைத்தால் அதை எட்டாவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, உரிமை என்று எழுதினால் கோர்ட்டுக்குப் போகலாம். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கோர்ட்_பக்கம்:

நல்ல இழை அண்ணாச்சி. சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

அரசியல் சட்டம் 21ஏ பிரிவு 2002ல் 86ஆவது திருத்தத்தில் வந்தது. அதை நடைமுறைப்படுத்த 2009ல் சட்டம் போட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. 21ஏயிலேயே 6 முதல் 14 என்று எழுதியிருப்பதால் பலர், இதை நீட்ட வேண்டுமென்றால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும், அதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கிறார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை. 21ஏ குறைந்தபட்ச அளவு, அதற்கு மேல் கொடுக்க நாடாளுமன்றம் சாதாரணச் சட்டமே போடலாம். ஏற்கெனவே போட்டும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஐ எடுத்துப் பாருங்கள், குறிப்பிட்ட அளவு குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்று 31ஆவது பிரிவு சொல்கிறது. அரசியல் சட்டத்தைத் தொடாமலே 18 வரை போயிருக்கிறார்கள். கல்வி 1976 முதல், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது, மாநில அரசும் நினைத்தால் கூடுதலாகக் கொடுக்கலாம்.

14 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, இதைத் தொடக்கக் கல்வியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓர் உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் ஒப்புக்கொள்ளவில்லை. 14 வயதுக்குக் கீழே பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று இன்னொரு பிரிவு சொல்கிறதே, அப்படியானால் அந்த வயது வரை பிள்ளை ஒரு கல்விக்கூடத்தில்தானே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆக, படிப்பு வயதும் வேலை வயதும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. அந்தப் பெண் பட்டறைக்குப் போன கதைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு, அதைத் தனியாக எழுதுகிறேன்.

மாட்டுங்கா_கணக்கர்:

எல்லோர் உணர்வையும் மதிக்கிறேன், ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது.

முதலாவது, ஐ.நா. இலக்கு என்பது நாடுகள் மனமொப்பி எடுத்துக்கொண்ட உறுதி. அதை மீறினால் யாரும் தண்டிக்க முடியாது. அதை ஆதாரமாக வைத்து நாட்டுச் சட்டத்தை மாற்று என்று கேட்பது எவ்வளவு எடுபடும்?

இரண்டாவது, இருக்கிற எட்டு வருடத்தையே ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை. கிராமத்துப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் 2024 ஏசர் அறிக்கையைப் பாருங்கள், கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாவது படிக்கும் பிள்ளைகளில் 23.4 விழுக்காட்டினருக்குத்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வருகிறது. நான்காவது இலக்கே பள்ளியில் சேர்ந்தார்களா என்பதைவிடக் கற்றார்களா என்பதைத்தான் அளக்கச் சொல்கிறது. இரண்டாவது, மூன்றாவது வகுப்பில், தொடக்கக் கல்வி முடிவில், நடுநிலைக் கல்வி முடிவில் வாசிப்பும் கணக்கும் வருகிறதா என்பதுதான் அதன் முதல் அளவுகோல். நம் சட்டத்தின் அட்டவணையோ கட்டடம், கழிப்பறை, விளையாட்டு மைதானம், நூலகம், 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று போகிறது. எல்லாம் தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை என்ன கற்றது என்பதற்கு அந்த அட்டவணையில் ஒரு வரி கிடையாது. முதலில் அதைச் சரிசெய்யாமல் இன்னும் நான்கு வருடம் கூட்டினால், கூடுதலாக நான்கு வருடம் உட்காருவார்கள், அவ்வளவுதான். பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி.

சயான்_டீச்சர்:

கணக்கர் சார், தரம் வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. ஆனால் தரம் வந்த பிறகு உரிமையை நீட்டலாம் என்பதை ஏற்க மாட்டேன். வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், எட்டாவதோடு கதவு மூடும் என்று தெரிந்த பிள்ளைக்கு ஆறாவதிலேயே ஆர்வம் போய்விடுகிறது. "டீச்சர், இதுக்கு மேல எங்க படிக்கப் போறேன்" என்று கேட்கும் பையனை உட்காரவைத்து பின்னக் கணக்கு சொல்லித்தருவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மேலே வழி இருந்தால்தான் கீழே படிப்பு ஏறும்.

நம் மும்பை மாநகராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழி வழியில் பள்ளி நடத்துகிற மாநகராட்சி இது. பெருமையான விஷயம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் தமிழ் வழியில் ஏழாவது, எட்டாவது முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன? உயர்நிலை வகுப்பு தமிழில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் ரயிலேறிப் போக வேண்டிய தூரம். அதுவரை அறிவியலைத் தமிழில் படித்த பிள்ளையை ஒன்பதாவதில் இந்தி வழியிலோ ஆங்கில வழியிலோ கொண்டுபோய் உட்காரவைக்கிறோம். ஒளிச்சேர்க்கை என்றால் தெரிகிறது, போட்டோசிந்தசிஸ் என்றால் முழிக்கிறது. முதல் பருவத்திலேயே பாதி பாடத்தில் தோல்வி, அப்புறம் வருகை குறையும், அப்புறம் ஆளே வராது. இது பிள்ளையின் குறை இல்லை.

சட்டத்தின் 29ஆவது பிரிவு, பயிற்றுமொழி முடிந்தவரை பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த வாக்கும் எட்டாவதோடு முடிகிறது. சட்டம் 12 வரை போனால் இந்தப் பிரிவும் கூடவே போகும். நம்மைப் போல வேறு மாநிலத்தில் பிழைக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய லாபம், பீஸைவிடப் பெரியது என்றுகூடச் சொல்வேன்.

இன்னொன்று. கற்றல் குறைவுக்கு ஆசிரியரைக் குறை சொல்கிறவர்கள் 27ஆவது பிரிவையும் படிக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் என்று மூன்று வேலைக்கு ஆசிரியரை அனுப்ப அந்தச் சட்டமே அனுமதிக்கிறது. தேர்தல் என்றால் ஓட்டுப்பதிவு அன்று ஒருநாள் போய்வருவது என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் வீடு வீடாகப் போக வேண்டும், அந்த நாட்களில் இரண்டு வகுப்பை ஒரே அறையில் சேர்த்து உட்காரவைப்போம்.

சீட்டா_கேம்ப்_அக்கா:

எல்லோரும் மேல் பக்கத்தையே பேசுகிறீர்கள், கீழ்ப் பக்கத்தை யாரும் தொடவில்லையே.

நான் டிராம்பே சீட்டா கேம்பில் பால்வாடி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் வரும் பிள்ளை மூன்று மூன்றரை வயதில் வரும், வீட்டில் தமிழ், தெருவில் இந்தி. ஒரு வருடம் பாட்டும் கதையுமாக இருந்துவிட்டு ஒன்றாவது போகிற பிள்ளைக்கும், நேராக ஆறு வயதில் பெஞ்சில் உட்காருகிற பிள்ளைக்கும் வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரியும். பால்வாடி போன பிள்ளை கையைத் தூக்கி தண்ணீர் வேண்டும் என்று கேட்கும். மற்றது அடக்கிக்கொண்டு அழும்.

சட்டத்தில் 11ஆவது பிரிவு, 3 வயது முதல் 6 வயது வரைக்கான கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கணக்கர் தம்பி காட்டிய அந்த 23.4 விழுக்காட்டுக்கு எங்கே விதை போடப்படுகிறது என்று நினைக்கிறீர்கள்? மூன்றாவதில் வாசிக்க வரவில்லை என்றால் மூன்று வயதில் அந்தப் பிள்ளையோடு யார் பேசினார்கள் என்று கேட்க வேண்டும்.

இதில் பெண் பிள்ளைகள் கதை தனி. தம்பியோ தங்கையோ பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் மூத்த பெண்தான் பள்ளியிலிருந்து நிற்பாள். பால்வாடி நேரம் காலையில் மூன்று மணி நேரம், அம்மாவின் வீட்டு வேலை நேரம் நாள் பூராவும். சின்னதைப் பார்த்துக்கொள்ள முழுநேர இடம் இருந்தால் பெரியவள் ஒன்பதாவது போவாள். 3 முதல் 18 என்று சேர்த்துக் கேட்கச் சொல்வது இதனால்தான். 14 முதல் 18 மட்டும் கேட்டால் பாதிதான் நடக்கும்.

கோர்ட்_பக்கம்:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. ஒரு சின்னச் சேர்க்கை: தனியார் பள்ளியில் மழலையர் வகுப்பு இருந்தால் 25 விழுக்காடு ஒதுக்கீடு அந்த வகுப்பிலிருந்தே பொருந்தும் என்று 12ஆவது பிரிவில் இருக்கிறது. ஆக, தனியார் பள்ளிக்கு அந்தக் கடமை உண்டு, அரசுக்குக் கிடையாது என்ற விசித்திரமான நிலை.

இப்போது நான் சொல்லவந்த விஷயம். எல்லோரும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் வழக்கறிஞர்கள் பலர்கூட இதைக் கவனிப்பதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016ல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக் கூடாது, பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் ஒத்தாசை செய்வது போன்ற சில விலக்குகள் உண்டு. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு ஆபத்தான தொழில்கள் மட்டும்தான் தடை. இதில் குழந்தை என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தைப் பாருங்கள்: 14 வயது நிறையாதவர், அல்லது கல்வி உரிமைச் சட்டத்தில் குறிப்பிடப்படும் வயது, இரண்டில் எது அதிகமோ அது.

எது அதிகமோ அது! அதாவது கல்வி உரிமைச் சட்டத்தில் 14 என்பதை 18 என்று மாற்றினால், வேலைத் தடையின் வயதும் தானாக 18க்கு ஏறும். தொழிலாளர் சட்டத்தைத் தனியாகத் திருத்த வேண்டியதே இல்லை. அம்பேத்கர் போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை. ஐ.நா.வின் எட்டாவது இலக்கின் ஏழாவது உட்பிரிவு, குழந்தைத் தொழிலை எல்லா வடிவிலும் 2025க்குள் ஒழிப்பது என்று இருந்தது. அந்தக் கெடு போய்விட்டது. ஒரே ஒரு திருத்தத்தில் கல்வி இலக்குக்கும் தொழிலாளர் இலக்குக்கும் சேர்த்து வேலை நடக்கும் என்றால் அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது?

90அடிரோடு:

கோர்ட் சார், புரிந்தது. ஆனால் ஒரு பயம் இருக்கிறது, திறந்து சொல்கிறேன். எங்கள் பக்கம் 15, 16 வயதுப் பையன்கள் பாதிப்பேர் எதாவது வேலைக்குப் போய்த்தான் வாடகைக்கே வழி. அவர்கள் ஆசைப்பட்டுப் போகவில்லை, அப்பாவுக்கு உடம்பு முடியாது, அம்மா சம்பளம் போதாது. நாளைக்கே 18 வரை தடை என்றால் போலீஸ் பட்டறையில் பிடித்து முதலாளியிடம் காசு வாங்கும், பையன் இன்னும் மறைவான இடத்தில் இன்னும் குறைந்த கூலிக்குப் போவான். படிப்பு வருமா?

சயான்_டீச்சர்:

தம்பி கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வெறும் தடையாக வரக்கூடாது, கல்வி உரிமையின் பகுதியாக வர வேண்டும் என்கிறோம். உரிமை என்றால் அரசுதான் கடன்பட்டது. பீஸ் இல்லை என்பதோடு நிறுத்தினால் போதாது, புத்தகம், போக்குவரத்து, மதியச் சாப்பாடு, உதவித்தொகை எல்லாம் 12 வரை வர வேண்டும். மதியச் சாப்பாடும் பொதுவாக எட்டாவதோடு நின்றுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். வளர்கிற வயதில், பசி அதிகமாகிற வயதில் நிறுத்துகிறோம்! இரவுப் பள்ளிகள் மும்பையில் ரொம்ப காலமாக இருக்கின்றன, உழைத்துக்கொண்டே பத்தாவது முடித்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவற்றையும் சட்டத்துக்குள் கொண்டுவந்து ஆசிரியர், நூலகம், ஆய்வுக்கூடம் கொடுக்க வேண்டும்.

பெங்களூரிலிருந்து_வந்தவன்:

25 விழுக்காடு பற்றி ஓர் எச்சரிக்கை. நான் பெங்களூரில் அல்சூர் பக்கம் வளர்ந்தவன், வேலைக்காக இங்கே வந்தேன். கர்நாடகத்தில் 2019ல் விதியை மாற்றினார்கள். பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி அந்த ஒதுக்கீட்டைக் கொடுக்க வேண்டியதில்லை. நகரத்தில் எந்தத் தெருவை எடுத்தாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு அரசுப் பள்ளி இருக்கும், ஆகவே பெங்களூரில் இடங்கள் மளமளவென்று சுருங்கிவிட்டன. கர்நாடக உயர் நீதிமன்றமும் அந்த மாற்றத்தைச் சரி என்றது.

அதே வழியில் மகாராஷ்டிரமும் 2024 பிப்ரவரியில் ஒரு அறிவிக்கை போட்டது, ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளி இருந்தால் விலக்கு என்று. மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை போட்டு, ஜூலையில் அதை ரத்தே செய்தது. உச்ச நீதிமன்றமும் ஆகஸ்டில் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஒரே சட்டம், இரண்டு மாநிலம், இரண்டு முடிவு. சட்டம் இருக்கும்போதே இப்படி என்றால், வெறும் இலக்கை நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும்? கணக்கர் சாருக்கு என் பதில் இதுதான். ஐ.நா. தண்டிக்காது என்பது உண்மை, ஆனால் மும்பைப் பெற்றோர் கோர்ட்டில் ஜெயித்தது இலக்கைக் காட்டி இல்லை, சட்டத்தைக் காட்டி.

செம்பூர்_அப்பா:

ஜெயித்தது சரி, அதன் பலன் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா என்பது என் கேள்வி. நாங்கள் ஊரில் பட்டியல் சாதி. 25 விழுக்காட்டுக்கு விண்ணப்பிக்கும்போது ஊர்ச் சான்றிதழைக் காட்டினால், வேறு மாநிலச் சாதிச் சான்றிதழ் செல்லாது என்றார்கள். சரி, வருமானப் பிரிவில் போடலாம் என்றால் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டுமாம். மாதத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம். மும்பையில் எட்டாயிரத்தில் குடும்பம் நடத்துகிறவர் யார்? காவலாளி வேலைக்குப் போனாலே அதைத் தாண்டிவிடும். சாதிப் பக்கமும் கதவு சாத்தியாச்சு, வருமானப் பக்கமும் சாத்தியாச்சு. என் அப்பா இந்த ஊருக்கு வந்து, நான் இங்கே பிறந்து, என் மகள் இங்கே பிறந்திருக்கிறாள். அவளுக்கு எந்த மாநிலத்தில்தான் உரிமை?

கோர்ட்_பக்கம்:

அண்ணே, உங்கள் கேள்வி நியாயமானது. பின்னணியைச் சொல்கிறேன். 1990ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. அந்த வழக்கும் நம் மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்டு ஆந்திரத்து மாணவர் போட்டதுதான். பட்டியல் சாதி, பழங்குடி என்பது அந்தந்த மாநிலத்தை ஒட்டியது, இடம் பெயர்ந்தால் அந்தத் தகுதி கூடவே வராது என்று தீர்ப்பானது. வேலை ஒதுக்கீட்டுக்கும் உயர்கல்விக்கும் அதன் தர்க்கம் எதுவாகவும் இருக்கட்டும், ஆறு வயதுப் பிள்ளையின் பள்ளி இடத்துக்கு அதையே வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. கல்வி உரிமைச் சட்டத்தில் நலிந்த பிரிவு, பின்தங்கிய பிரிவு யார் என்பதை மாநில அரசு அறிவிக்கை மூலம் தீர்மானிக்கலாம். பிற மாநிலத்திலிருந்து வந்து குடிசைப் பகுதியில் வாழும் பட்டியல் சாதிக் குடும்பங்களையும் பின்தங்கிய பிரிவாக மகாராஷ்டிரம் அறிவிக்கலாம், வருமான வரம்பையும் ஏற்றலாம். சட்டத் திருத்தம்கூட வேண்டாம். இதையெல்லாம் கேட்டு அரசுக்கு நாம் கொடுக்கப்போகும் மனுவில் இது முதல் பக்கத்தில் வர வேண்டும். எவரையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் 2015 ஐ.நா. உறுதிமொழியின் அடிநாதமே.

மாட்டுங்கா_கணக்கர்:

சட்டப் பக்கம் தெளிவாகிவிட்டது, குழந்தைத் தொழிலாளர் சட்ட விளக்கம் எனக்குப் புதுச் செய்தி, நன்றி. பணம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு 1966லேயே நாட்டு உற்பத்தியில் 6 விழுக்காடு கல்விக்கு வேண்டும் என்றது, இன்றுவரை அந்த அளவைத் தொடவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6ஐத் திரும்பச் சொல்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தக் கொள்கையின் 2019 வரைவில் கல்வி உரிமைச் சட்டத்தை 3 முதல் 18 வரை நீட்ட வேண்டும் என்று தெளிவாக இருந்தது. இறுதி வடிவத்தில் அந்தப் பரிந்துரை காணோம். 2030க்குள் மழலையர் முதல் மேல்நிலை வரை நூறு விழுக்காடு சேர்க்கை என்று இலக்கு மட்டும் மிச்சம். ஏன் எடுத்தார்கள்? செலவுக்குப் பயந்துதான் என்று நினைக்கிறேன்.

கும்பார்வாடா_வாசி:

கணக்கர் சார், அந்த 2019 வரைவு விவரத்துக்கு நன்றி, நாம் பேசுவதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அரசு அமைத்த குழுவே எழுதிய வரி அது.

பணத்துக்கு என் பதில்: செலவில் ஒரு பகுதி ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2018ல் தொடங்கிய மத்திய அரசின் சமக்ர சிக்ஷா பள்ளி நிதித் திட்டம் மழலையர் முதல் 12 வரை பொருந்தும். திட்டம் 12 வரை போகிறது, உரிமை 8ல் நிற்கிறது. திட்டத்துக்கும் உரிமைக்கும் என்ன வித்தியாசம் என்பதை நம் ஊரிலேயே பார்த்தோம். தமிழ்நாட்டுக்கு 2024-25ல் வர வேண்டிய 2,152 கோடி சமக்ர சிக்ஷா பணம், மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம்ஸ்ரீ ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்தப்பட்டது. அதனால் 2025ல் அங்கே 25 விழுக்காடு சேர்க்கையே பல மாதம் தள்ளிப்போனது. யார் பக்கம் நியாயம் என்ற அரசியலுக்கு இங்கே போகவில்லை, அடிபட்டது ஆறு வயதுப் பிள்ளை. நிதியைப் பிரித்துக்கொள்ளும் கடமை மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் உண்டு என்று 7ஆவது பிரிவில் இருந்தும் இந்த நிலை. ஆகவே நீட்டும்போது நிதிப் பகுதியையும் இறுக்கி எழுத வேண்டும். இத்தனை விழுக்காடு, இந்தத் தேதிக்குள், வேறு எந்த ஒப்பந்தத்தோடும் முடிச்சுப் போடக் கூடாது.

பக்கத்து நாடுகளையும் பாருங்கள். பாகிஸ்தான் 2010லேயே அரசியல் சட்டத்தில் 5 முதல் 16 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று எழுதிவிட்டது. நடைமுறை அங்கே மோசம், தெரியும், ஆனாலும் எழுத்தில் நம்மைவிட இரண்டு வயது மேலே. நேபாளம் 2015 அரசியல் சட்டத்தில் மேல்நிலை வரை இலவசம் என்றது. இலங்கையில் 1945லிருந்தே இலவசக் கல்வி, பல்கலைக்கழகம் வரை. பாகிஸ்தானும் நேபாளமும் நம்மைவிடப் பணக்கார நாடுகளா?

நாட்டில் எங்கே கசிகிறது என்பதை அரசுக் கணக்கே காட்டுகிறது. பள்ளிகளைப் பற்றி அரசு திரட்டும் 2024-25 யூடைஸ் தரவில் நடுநிலையில் இடைநிற்றல் 3.5 விழுக்காடு, உயர்நிலைக்கு வந்ததும் 8.2. சட்டம் கைவிடும் இடத்தில்தான் எண்ணிக்கை தாவுகிறது.

சயான்_டீச்சர்:

இதில் தேர்ச்சி விவகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்தாவதிலும் எட்டாவதிலும் பரீட்சை வைத்து, தோற்ற பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம் என்றாகிவிட்டது. மகாராஷ்டிரம் அதை எடுத்துக்கொண்டது, தமிழ்நாடு எடுத்துக்கொள்ளவில்லை. மறுதேர்வு வாய்ப்பு உண்டு, எட்டாவது முடியும்வரை பள்ளியை விட்டு அனுப்பக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் எட்டாவதில் ஒரு வருடம் நிறுத்தப்பட்ட பையனுக்கு வயது பதினான்கைத் தாண்டும், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படுவான், அப்பாவும் "போதும், வேலையைப் பார்" என்பார். கற்றலை உறுதிசெய்யத்தான் பரீட்சை என்றால் தோற்ற பிள்ளைக்குக் கூடுதல் ஆசிரியர் கொடுக்க வேண்டும். அது மனுவில் வரட்டும்.

சீட்டா_கேம்ப்_அக்கா:

மனு தயாரிக்கும்போது எங்கள் பக்கத்துப் பெண்களையும் கூப்பிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தால் எங்கள் பெண்கள் படித்து, கேள்வி கேட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுவார்கள். மராத்தியிலும் ஒரு பிரதி வேண்டும், வார்டு அலுவலகத்தில் அதைத்தான் வாங்குவார்கள்.

90அடிரோடு:

நல்லது அக்கா. எல்லோரிடமும் ஒரு அவசரக் கேள்வி. என் தங்கை மகன் நடுவில் ஊருக்குப் போய் இரண்டு வருடம் படிக்காமல் திரும்பிவந்தான், வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்தார்கள். இப்போது ஏழாவது, போன மாதம் 14 முடிந்தது. பள்ளியில், இனி இலவசம் கிடையாது, வயது தாண்டிவிட்டது என்கிறார்கள். ஊர்ப் பள்ளி டிசியும் இன்னும் வரவில்லை, அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

கோர்ட்_பக்கம்:

தம்பி, இரண்டுமே தவறு. 4ஆவது பிரிவில், இப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட்ட பிள்ளை 14 தாண்டினாலும் எட்டாவது முடிக்கும் வரை இலவசக் கல்விக்கு உரிமை உள்ளது என்று தெளிவாக இருக்கிறது. டிசி தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது என்பது 5ஆவது பிரிவு. வயதுச் சான்று இல்லை என்று யாராவது சொன்னால், அதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிற 14ஆவது பிரிவைக் காட்டுங்கள். வாயால் சொன்னால் வாயாலேயே மறுப்பார்கள். தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, இந்தப் பிரிவு எண்களைக் குறிப்பிட்டு, வாங்கிக்கொண்டதாக நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் வார்டு கல்வி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதத்தை மராத்தியில் எழுதித் தருகிறேன், பிள்ளையின் பெயர், பள்ளி பெயர் எதையும் இங்கே போடாமல் தனிச் செய்தியில் அனுப்புங்கள். பையனை நாளைக்கும் வழக்கம் போலப் பள்ளிக்கு அனுப்புங்கள், ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம்.